இடம் பிடித்த முயல்

இணையத்தில் வாங்கிய வெள்ளைத் தொட்டிலின் தடுப்பை மாட்டினேன். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் என்னைப் பாபநாசத்து வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது எனக்கு ஆறு வயது. எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி தங்கவில்லை. அம்மா மறுபடி மாசமாக இருந்தபோது, குவைத்திலிருந்து லீவில் வந்த அப்பா, முதலாளி வீட்டுப் பிள்ளைகள் படுத்த சக்கரத் தொட்டிலைக் கொண்டுவந்தார். கூடவே ஒற்றைக் காது முயல் பொம்மை. இரண்டிலும் யார் வீட்டுப் பவுடரோ மணத்தது. அம்மா அன்றைக்கே துண்டுகளை மாட்டித் தொட்டிலைப் பூட்டினாள்.

எதிர்வீட்டுப் பெரியம்மா பதறினார். "காலித் தொட்டில் ஆகாதுடி. போன தடவ பட்டது போதாதா?"

"போன தடவ ஒண்ணுமே வாங்கி வைக்கலையே அக்கா. அப்பவும்தானே போச்சு?"

அம்மா என்னைத் தூக்கித் தொட்டிலுக்குள் உட்காரவைத்தாள். மடியில் முயல். முழங்கால் மோவாயில் இடித்தது. தெருவே பார்க்கத் தொட்டிலை வாசலுக்குத் தள்ளிவந்தாள். "காலியா இல்லக்கா. இவ இடம் பிடிச்சு வச்சிருக்கா."

தங்கை அதில்தான் வளர்ந்தாள்.

இப்போது போன் அடித்தது. மாமியார். "ஏழாம் மாசத்துலயே தொட்டிலப் பூட்டிட்டியாமே? காலியா வைக்கக் கூடாதும்மா."

அலமாரியிலிருந்த அதே ஒற்றைக் காது முயலை எடுத்துத் தொட்டிலின் நடுவில் உட்காரவைத்தேன்.

"காலியா இல்லீங்க அத்தை. இடம் பிடிச்சாச்சு."