நரி முகத்தில் விழித்த நாட்கள்

நரி முகத்தில் விழித்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். அதைச் சோதித்தே பார்த்தவள் நான்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா என்னை ஐயம்பேட்டையில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். சித்தி கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். ஊரில் ஆடு மாடு எது நொண்டினாலும் அவளைத்தான் தேடி வருவார்கள்.

ஒரு நாள் வனக்காவலர் ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்தார். பாலாற்றங்கரை முள்காட்டில் யாரோ தாயத்துக்கு நரிக்கொம்பு வேண்டி, கறியில் வெடி வைத்துத் தாய்நரியைக் கொன்றுவிட்டார்கள். பெட்டிக்குள் அதன் குட்டி, முன்னங்காலில் காயத்தோடு கிடந்தது. கால் ஆறி, தானே இரை பிடிக்கப் பழகியதும் காட்டிலேயே விட்டுவிடுவதாகப் பேச்சு. சித்தப்பா தறியை முன்னறைக்கு மாற்றியிருந்ததால், நெய்பவர் கால் வைத்துக்கொள்ளும் பழைய தறிக்குழி பின்னறையில் சும்மா கிடந்தது. அதுவே குட்டிக்கு வளையாயிற்று.

சித்தி போட்ட சட்டம் ஒன்றுதான். "யாரும் அதுக்கு மூஞ்சி காட்டக்கூடாது. மனுசன்னா அது பயந்துக்கினே இருக்கணும்." பால் வைக்கப் போகும்போது அவளே தலைவழியே கோணியைப் போட்டுக்கொண்டுதான் போவாள். பேசமாட்டாள், கொஞ்சமாட்டாள். கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

வினை சித்தப்பாவின் வாயில் இருந்தது. "நம்ம வூட்லயே நரி இருக்குது. தெனம் அது மூஞ்சில முழிச்சா ராஜயோகம்தான் போ" என்று தறியில் உட்கார்ந்தபடி கேலிக்குச் சொன்னார். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து, விடிந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் பின்னறைக்குப் போய், குழியோரத்தில் குப்புறப் படுத்து, அங்கேதான் கண்ணைத் திறப்பேன். அம்மா வரவேண்டும், அது ஒன்றுதான் வேண்டுதல். குட்டி முதலில் உறுமியது. பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரு மாதத்தில், நான் கண் திறக்குமுன்பே எம்பி என் மூக்கை நக்கியது. அம்மா போன பிறகு எனக்காகக் காத்திருந்தது அது ஒன்றுதான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அம்மா வந்தாள், பதினைந்து நாள் விடுப்பில். திரும்பிப் போனபோது நான் அழவில்லை. நரிதான் வீட்டிலேயே இருக்கிறதே, மறுபடி வரவழைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

குட்டியை விடும் நாளில் ஆற்றங்கரைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். பெட்டியைத் திறந்ததும் நொண்டாமல் ஓடியது. நாலு புதர் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு நேரே ஓடிவந்து என் காலடியில் மல்லாந்து படுத்து வாலை ஆட்டியது. வனக்காவலர் குச்சியைத் தட்டி விரட்டிப் பார்த்தார். அவர் செருப்பையும் நக்கியது.

"மனுசன நம்புதுமா இது. வெடி வெக்கிறவன் கூப்ட்டாலும் போய் நிக்கும். இனிமே கூண்டுதான்" என்றார் சித்தியிடம்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூண்டு என்றால் நினைத்தபோது போய்ப் பார்க்கலாமே. சித்தி என்னைத் திட்டவில்லை. முள்காட்டைப் பார்த்தபடி நின்று, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். குட்டிதான் எல்லார் முகத்தையும் பார்த்தாயிற்றே, இனி எதற்கு மூடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

பள்ளிச் சுற்றுலாவில் ஒரே ஒரு முறை அதை மிருகக்காட்சிசாலையில் பார்த்தேன். கம்பியோரமாகப் போவதும் வருவதுமாக இருந்தது. அந்த ஈர மூக்குக்கு இன்றும் ஏங்குகிறேன். காலையில் கண் திறக்குமுன் கை தானாகச் சுவரைத் தேடுகிறது.

ஏதாவது கெட்டது நடந்தால், இன்று யார் முகத்தில் விழித்தேனோ என்று எல்லோரையும்போல நானும் சொல்வதுண்டு. சொல்லி முடிப்பதற்குள் அந்தத் தறிக்குழி நினைவுக்கு வந்துவிடும். நான் தினமும் நரி முகத்தில் விழித்தேன். அது தினமும் என் முகத்தில் விழித்தது. எட்டு வயதில் எனக்கு முதல் பாதி மட்டும்தான் தெரிந்திருந்தது.