மூன்றாம் முறை மறுக்காத அக்தஸ்

எங்கள் ஊர் எம்.பி. அக்தஸ், பதினெட்டு வருடம் பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்திய பெண்மணி. கேர்மான் நகரத்துக்குப் பக்கத்தில் அவருடைய அப்பாவுக்கு ஒரு பிஸ்தாத் தோட்டம், ஒரு கிணறு. மாகாண நீர்வள இயக்குநராக இருந்த சலார்வந்த், அனுமதி இல்லையென்று அந்தக் கிணற்றில் சிமென்ட் ஊற்றினார். இரண்டு கோடையில் மரங்கள் காய்ந்தன. மூன்றாவது கோடையில் அப்பாவும் இறந்துபோனார். அதன்பிறகு அக்தஸ் பிஸ்தாவைத் தொட்டதில்லை.

அதே சலார்வந்த் அமைச்சராக முன்மொழியப்பட்டார். நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டும். ஆதரவு கேட்டு இனிப்புப் பெட்டியோடு அக்தஸின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஊர்க்காரர்கள் இருபது பேர் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"உங்க பழைய உத்தரவுங்கள நெனச்சா எனக்குக் கொஞ்சம் கவலையா இருக்குங்க," என்றார் அக்தஸ்.

சலார்வந்த் நெஞ்சில் கை வைத்தார். குரல் பாகில் ஊறிய ஜிலேபி. "என்ன டீச்சரம்மா! என் ஃபைல் மொத்தமும் உங்க காலடியில. கண்ணையே கேளுங்க, தர்றேன்!"

எங்கள் பக்கம் இப்படிச் சொல்வது மரியாதை. மறுப்பது பதில் மரியாதை. கடைக்காரர்கூட முதலில் காசு வேண்டாம் என்றுதான் சொல்வார்; அதை நிஜமென்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார் அக்தஸ்.

"சிரமமா? எனக்குப் பெருமைம்மா!"

"வேணாங்க, சொன்னதே போதும்."

"அட, நீங்க வாங்கிக்கிட்டே ஆகணும்!"

மூன்றாம் முறை அக்தஸ் மறுக்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இவ்வளவு சொல்றீங்க. உங்க பழைய ஆபீஸுல இருக்குற ஃபைலை எனக்குக் குடுக்கச் சொல்லி இதுல கையெழுத்துப் போடுங்க. கண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும்."

எங்கள் டீ கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன. இருபது பேர் எதிரில் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? சலார்வந்த் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வாக்கெடுப்பன்று நாடாளுமன்றத்தில் அக்தஸ் அந்த ஃபைலைப் பரீட்சை மதிப்பெண் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார். "சனிக்கிழமை, எங்கப்பா கிணத்துல சிமென்ட் ஊத்த உத்தரவு. அதே வாரம் செவ்வாக்கிழமை, இவரு மச்சானுக்கு முந்நூறு மீட்டர் கிணறு தோண்ட அனுமதி. ரெண்டுலயும் ஒரே கையெழுத்து."

சலார்வந்த் தோற்றார்.

நடைக்கூடத்தில் அவரை நிறுத்தி, அக்தஸ் கைப்பையிலிருந்து ஒரு பிடி பிஸ்தாவை எடுத்து நீட்டினார். "எடுத்துக்குங்க."

"வேணாம்," என்றார் அவர்.

இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவதுதான் முறை. அக்தஸ் வற்புறுத்தவில்லை. ஒன்றை உடைத்து, அவர் கண்ணெதிரே தன் வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.