மாற்றி வாசித்த மன்றாட்டு

எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எதுவானாலும் முதலில் வேதாகமத்துக்குள் போகும். அண்ணனின் ஹால் டிக்கெட், கரண்ட் ஆபீசுக்கு எழுதின புகார், அக்காவுக்கு வந்த மாப்பிள்ளை போட்டோ என்று எல்லாமே ஒரு ராத்திரியாவது ஆண்டவர் வார்த்தைக்கு நடுவில் இருந்துவிட்டுத்தான் வெளியே போகவேண்டும். அது அம்மா போட்ட சட்டம். அந்தச் சட்டத்தால்தான் என் ஒன்பதாவது வயதில் எங்கள் கோயிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை திகைத்துப்போய் நின்றது.

அப்போது பெரியம்மா எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மாவுக்கு அக்கா. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை திருமங்கலத்திலிருந்து ஒரு பையோடு வந்து இறங்குவாள். "பெரியப்பாவுக்குக் கோபம்" என்பதோடு எங்களுக்குச் சொல்வதை நிறுத்திக்கொள்வார்கள். இரண்டு வாரம் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவளைக் கூட்டிப்போய், பெரியப்பாவிடம் நல்லவிதமாகப் பேசி, விட்டுவிட்டு வருவார். அதற்குப் பெயர் சமாதானம் பண்ணிவைப்பது.

பெரியம்மா வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கேலி பேசுவாள், சீட்டாட்டத்தில் எங்களைவிட அதிகமாகக் களவாணித்தனம் பண்ணுவாள். அதோடு, வந்த புதிதில் அவளுக்கு அப்படி ஒரு கூச்சம். இடது விலாப்பக்கம் விரல் பட்டால் போதும், "ஸ்ஸ்" என்று துள்ளிவிடுவாள். கூச்சக்காரப் பெரியம்மா என்றே பேர் வைத்திருந்தோம். பின்னால் பதுங்கிப்போய் யார் முதலில் தொடுவது என்று எனக்கும் அண்ணனுக்கும் போட்டி.

அந்தத் தடவை கோயில் மாதர் சங்கத்தில் அரசாங்கத்துக்கு ஒரு மனு தயாரானது. வீட்டுக்குள் அடிபடுகிற பெண்களைக் காப்பாற்றத் தனியாக ஒரு சட்டம் வேண்டும் என்று. அம்மாவின் எழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால் அவள்தான் எழுதினாள். ஆண்களும் கையெழுத்துப் போட்டால்தான் கனமாக இருக்கும் என்று சங்கத்துக்கு யோசனை சொன்ன வக்கீலம்மா சொல்லியிருந்தார்கள். அம்மா முதலில் அப்பாவிடமே நீட்டினாள். அப்பா தல்லாகுளத்தில் ஒரு ஆபீசில் கிளார்க். நாளெல்லாம் கையெழுத்துப் போடுகிற மனுஷர். அந்தக் காகிதத்துக்கு மட்டும் அவர் பேனா எழுதவில்லை.

"வீட்டு விஷயத்துக்குச் சட்டம் கேட்டா ஊரே சிரிக்கும்டி" என்றார்.

உள்ளேயிருந்து பெரியம்மா குரல் வந்தது. "இப்ப மட்டும் ஊரு அழுவுதாக்கும், தம்பி?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திருமங்கலம் கிளம்பவேண்டும் என்றார் அப்பா. சனிக்கிழமையே பை கட்டி வாசல் பக்கம் வைத்தாகிவிட்டது.

அந்த ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்கிற முறை எனக்கு; ஒருவர் ஒவ்வொரு வேண்டுதலாக வாசிக்க, கோயிலே சேர்ந்து பதில் சொல்கிற ஜெபம் அது. முதல் தடவை. அதையும் அம்மாதான் எழுதி வேதாகமத்தில் வைத்திருந்தாள். மனுவும் அங்கேதான் இருந்தது. ஒரே எழுத்து, இரண்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண். கோயிலுக்கு நேரமாகிவிட்டதென்று நான் அவசரத்தில் உருவிய தாள் மனுவின் இரண்டாம் பக்கம். மைக்குக்கு முன்னால் முக்காலி போட்டு ஏற்றிவிட்டார்கள். வாசித்தேன்.

"வீட்டுக்குள் நடக்கும் அடியைக் குடும்ப விவகாரம் என்று திருப்பி அனுப்பாமல் விசாரிக்கவேண்டுமென்று, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்." கடைசி மூன்று வார்த்தை தாளில் இல்லை. பழக்கதோஷத்தில் நானே சேர்த்துக்கொண்டேன்.

"இறைவா, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில், அதே பழக்கதோஷத்தில்.

"வீடு யார் பேரில் இருந்தாலும், அதில் குடியிருக்க மனைவிக்கு உரிமை வேண்டுமென்று, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்."

இந்தத் தடவை பெண்கள் பக்கம் கூரை அதிர்ந்தது. சாமியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அம்மா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள்.

"தேவைப்பட்டால் அடித்தவரை வெளியே அனுப்ப வேண்டுமென்று..."

ஆண்கள் பக்கம் பாதிப் பேர் "இறைவா" என்று ஆரம்பித்துவிட்டு நடுவில் முழித்தார்கள். ஆனால் ஆரம்பித்த ஜெபத்தை யார் பாதியில் விடுவது? முடித்தார்கள். அப்பாவும் முடித்தார். நான் பார்த்தேன்.

பூசை முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் அம்மா மனுவோடு நின்றாள். கோயிலிலேயே பெரிய குரல் பக்கத்து வீட்டு மாமாவுடையது. அவர் நழுவப் பார்த்தார்.

"ஏம்மா, பிள்ளை தெரியாம வாசிச்சிருச்சு. நாங்களும் தெரியாம சொல்லிட்டோம்."

"அப்ப வாராவாரம் தெரியாமத்தான் சொல்றீகளாண்ணே?"

சாமியார் சிரித்துவிட்டார். அவரே பேனாவை வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டார். அடுத்து மாமா. அப்புறம் வரிசை. அப்பா வரிசையில் சேராமல் சைக்கிள் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் வந்தார். ஆபீசில் போடுவதுபோலத் தேதியோடு போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் இருந்த பையை அவரே தூக்கி உள்ளே வைத்தார். "இன்னைக்கு பஸ் வேணாம், மதினி" என்றார். பிறகு எந்த ஞாயிறும் அந்த பஸ் வேண்டியிருக்கவில்லை.

சில வருஷம் கழித்து அப்படி ஒரு சட்டம் வந்தேவிட்டது. நாடு முழுக்க எம்புட்டோ பெண்கள் நடையாய் நடந்து கேட்டது அது. எங்கள் மன்றாட்டுக்கும் அதில் ஒரு துளி உண்டென்று நம்புகிறேன். ஜெபம் பண்ணுகிறவள் வேறு எப்படி நம்புவாள்? அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் பெரியம்மா தன் வீட்டுக்குள் திரும்பப் போனாள், தானாக, வெள்ளிக்கிழமையில். இப்போதும் சங்கத்தில் எந்த மனு எழுதினாலும் ஒரு ராத்திரி வேதாகமத்துக்குள் வைத்துத்தான் தருகிறேன். கேட்கவேண்டியது இன்னும் இருக்கிறதே.

நான் மன்றாட்டை மாற்றி வாசித்த அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னால், பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த பெரியம்மாவின் பின்னால் பதுங்கிப்போய் இடது விலாவில் விரலை வைத்தேன். அவள் அசையவே இல்லை. அழுத்திப் பார்த்தேன். திரும்பிச் சிரித்தாள்.

"கூச்சம் போயிருச்சா, பெரியம்மா?"

"போயிருச்சுடி. மாதா புண்ணியம்."

அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நல்ல விளையாட்டு ஒன்று போய்விட்டதென்று இரண்டு பேரும் அன்றைக்கு முழுக்க வருத்தப்பட்டோம்.