கரையில் நின்ற படகு

ஒரு கிழமையாக யாரையும் கடலில் இறங்கவிடாமல் அடித்த சோளகக் காற்று ஓய்ந்த காலை அது. வங்காலைக் கரையில் எல்லாரும் வலையோடு இறங்கப் போன நேரத்தில் கோயிலில் துக்க மணி அடித்தது. எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும் வரை யாரும் கடலுக்குப் போவதில்லை.

செத்தவர் என் கணவரை ஊர் முன்னால் கள்ளன் என்றவர். தன் நண்டு வலை காணாமல் போனபோது, மீனவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று இவரைக் கைகாட்டினார். பிறகு அந்த வலை கடலடிக் கல்லில் சிக்கிக் கிடந்து அகப்பட்டது. மனிதர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

"அந்தாளுக்காக நான் கரையில இருக்கோணுமோ?" என்றார் இவர்.

"அந்தாளுக்காக வேண்டாம். அந்தாளின்ர மனிசிக்காக நில்லுங்கோ."

இவர் இஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார். எனக்குப் பயமாக இருந்தது. செத்த வீட்டு வாசல் கடலைப் பார்த்தது. இவர் படகை இறக்கினால், புருஷனைப் பறிகொடுத்தவள் அதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

நான் செத்த வீட்டுக்குப் போய் அழுதேன். எனக்கு அழுகை சுலபமாக வரும். இளகிய மனம் என்று ஊரில் பெயர். அந்த இளகிய மனத்துக்காக நான் ஒருநாள் வேலையைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண் அழுதாலும் காது இஞ்சின் சத்தத்துக்குக் காத்திருந்தது. சத்தம் வரவில்லை.

அன்று பின்னேரமே அடக்கம். சவப்பெட்டி கரையோரமாகப் போனபோதுதான் பார்த்தேன். படகு பாதி மணலிலும் பாதி தண்ணீரிலுமாக நின்றது. கடலுக்குப் போகும் உடுப்போடு இவர் அதன் விளிம்பில் இருந்தார். வெயிலில் முகம் கறுத்துவிட்டது. பெட்டி நேரே வந்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார். சிலுவை அடையாளம் போடவில்லை.

மன்னித்துவிட்டார் என்று சனம் பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நம்பிச் சந்தோஷப்பட்டேன். வீட்டில் தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டேன்.

"கோபம் போயிட்டுதோ?"

"எங்க போறது? பெட்டி போகேக்குள்ளயும் வயிறு எரிஞ்சது."

"பிறகேன் கடலுக்குப் போகேல்லை?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கோபம் தீந்தாப்பிறகுதான் நல்லது செய்யிறதெண்டால், நான் எப்ப செய்யிறது?"