இளஞ்சிவப்பு ஏறிய குழாய்

தொண்ணூறுகளின் கடைசியில் வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். ஈரல் சுருங்கிப்போனவர்களின் இரத்தத்தில் நைட்ரிக் ஆக்ஸைடு எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. இரத்தக் குழாய்களை விரிக்கும் வாயு அது. நெஞ்சுவலிக்காரர் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை உயிர் காப்பதும் அதனால்தான். ஈரல் கெட்டவர்களுக்கோ அதே வாயு அளவுக்கு மீறிச் சுரந்து, குழாய்கள் தளர்ந்து, பிரஷர் இறங்கி, கடைசியில் கிட்னியும் கைவிட்டுவிடும். இரத்தத்தில் அது விட்டுப்போகும் உப்பின்மேல் மருந்தை ஊற்றினால் இளஞ்சிவப்பு ஏறும். நிறம் அடர்ந்தால் ஆள் மோசம்.

என் தம்பிக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை. குடித்துக் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டான், பாவி. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி வார்டில் கிடந்தான். அவன் இரத்தமும் எங்கள் ஆய்வுக்கு வந்தது. சோதனைக் குழாயில் நம்பர் மட்டும்தான் இருக்கும்; அவன் நம்பர் எனக்குத் தெரியும்.

அந்த வரிசையிலேயே அவன் குழாய்தான் அதிகம் சிவந்தது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அதே.

முந்தின நாள் கீரை, பீட்ரூட் சாப்பிட்டிருந்தாலும் நிறம் ஏறும்; அவற்றிலும் அந்த உப்பு உண்டு. வேண்டாமென்று எல்லாரிடமும் சொல்லிவிடுவோம். அவன் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறான்! வார்டுக்கு ஓடினேன்.

"டேய், ரத்தம் எடுக்கிறதுக்கு முந்தின நாள் கீரை சாப்ட்டியா?"

என்னையே பார்த்தான். "ஆமாக்கா. நல்லா பிசைஞ்சு சாப்ட்டேன்."

"உன்னை செருப்பால அடிக்கணும்டா! அறிவு இருக்கா?" என்று கத்தினேன். வாய்தான் திட்டியது. உள்ளுக்குள் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனைத் திட்டுவது அத்தனை சந்தோஷமாக என்றைக்கும் இருந்ததில்லை.

மறுநாள் காலை இன்னொரு முறை இரத்தம் எடுக்க ஊசியோடு போனேன். வார்டு வாசலில் தம்பி மனைவி நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா அண்ணி சொல்றீங்க, கீரையா?" என்றாள். "அன்னிக்கு ரெண்டு ஸ்பூன் கஞ்சிகூட இறங்கல அவருக்கு. தண்ணி குடுத்தாலும் வாந்தி."

உள்ளே போனேன். "ஏன்டா பொய் சொன்ன?"

"கேக்கும்போது உன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதுக்கா," என்றான். "இல்லன்னு சொல்ல மனசு வரல."

ஊசியைப் பைக்குள் போட்டேன். இனி எடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது? வார்டு என்றும் பார்க்காமல் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.