பாயிண்ட் அர்த்தநாரியின் நெஞ்சுப் படங்கள்

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்ப்பார் அர்த்தநாரி. பல் விளக்கியதும் முதல் வேலை அதுதான். படம் தலைகீழாக இருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார் என்பதால் தெருவில் யாரும் சொல்வதில்லை. பார்த்து முடித்து உறையில் போட்டு, உறையை மஞ்சள் பைக்குள் செருகி, "துளி அழுக்கு இல்லீங்க, கண்ணாடியாட்ட இருக்குது" என்று தன் நெஞ்சுக்குத் தானே சான்றிதழ் கொடுத்த பிறகுதான் காப்பி இறங்கும்.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அந்த வண்டிகள் யார் காட்டில், எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று சொல்கிறவர் இவர். அதனால் பெயர் பாயிண்ட் அர்த்தநாரி. குடுமியோடு உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பார். கீழே நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். அதோடு விடமாட்டார். வேப்பங்கவைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது நடை. சாவிக்கொத்தைச் சங்கிலியில் தொங்கவிட்டு மூன்றாவது நடை. மூன்றில் இரண்டு 'உண்டு' என்றால் அங்கே ஒரு கல்லை நட்டு, குங்குமத்தைத் தொட்டுப் பொட்டு வைப்பார். பொட்டு வைக்காத இடத்தில் இன்றுவரை டிரில்லை இறக்க விட்டதில்லை.

முந்நூறு அடி போய் வெறும் புழுதி பறந்தாலும் அவர் முகம் வாடாது. "மேல நின்னு எத்தன பாத்தாலும், போட்டுப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்பார். தோற்ற குழிகள் அத்தனைக்கும் இந்த ஒரே வாக்கியம்தான் இரங்கல் உரை. சேந்தமங்கலத்து நாச்சிமுத்து என்ற விவசாயி இதை மூன்று முறை கேட்டவர். நான்காவது முறையும் அர்த்தநாரியைத்தான் கூப்பிட்டார். அப்படியொரு நம்பிக்கை.

அது எண்பத்தேழாம் வருஷக் கோடை. நாச்சிமுத்துவின் மேட்டுக்காட்டில் ஏறும்போது அர்த்தநாரிக்கு நடு நெஞ்சில் பிடித்தது. தேங்காய் கை நழுவி விழுந்தது. "வாயுவுங்க" என்று சொல்லி, ஒரு சோடா வாங்கி வரச் சொல்லிக் குடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். தேங்காய் சும்மா விழாது என்று நாச்சிமுத்து அவர் கையாலேயே பொட்டு வைக்கச் சொல்லி, அந்த இடத்திலேயே போர் போட்டார். இருநூற்றுப் பத்தடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அர்த்தநாரியின் தொழில் வாழ்க்கையிலேயே மிகச் சரியான பாயிண்ட் அதுதான்.

வலி மட்டும் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன். மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் இங்கிலீஷ் வாத்தியார் நான். ரிப்போர்ட்டுகளைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. இதயத்தைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொன்னேன். "படிச்சவிகளுக்குத் தெரியாதுங்களா" என்று சொல்லிவிட்டார். தப்பிக்க முடியவில்லை.

முதலில் எக்ஸ்ரே, அவரே போய் எடுத்துக்கொண்டது. அடுத்தது நாமக்கல்லில் ஈசிஜி. படுக்க வைத்து எடுத்தார்கள், நார்மல் என்று வந்தது. பிறகு கோயமுத்தூர் போய் எக்கோ. "டிவிப் பொட்டியில என்ற நெஞ்ச நானே பாத்தனுங்க வாத்தியாரே. தவளையாட்ட எம்பி எம்பிக் குதிக்குது!" என்று தெரு முழுக்கச் சொன்னார். எக்கோவும் பழுதில்லை. கடைசியில் சேலத்து டாக்டர் ஒருவர், ஓடுகிற பட்டைமேல் நடக்க வைத்து ஈசிஜி எடுத்தார். ஆறாவது நிமிஷத்தில் நெஞ்சு பிடித்தது, கோடுகள் இறங்கின, டாக்டர் மெஷினை நிறுத்திவிட்டார்.

அர்த்தநாரி குற்றத்தை மெஷின்மேல் போட்டார். "நடக்கறதே என்ற பொழப்புங்க. நம்ம காட்டுல பூமி நிக்கும், நாம நடப்போம். அங்க பூமி ஓடுது. அதுல ஏறுனா எவனுக்குத்தான் நெஞ்சு வலிக்காது?"

டாக்டர் மெட்ராஸ் போய் ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னார். தொடை இடுக்கில் ஊசி போட்டு, மெல்லிய குழாயை ரத்தக் குழாய் வழியே இதயம் வரை ஏற்றி, மருந்தைச் செலுத்திப் படம் பிடிப்பார்களாம். அர்த்தநாரி விரல்விட்டு எண்ணினார். "மூணு படம் நல்லாருக்குதுங்குது. ஒண்ணுதான் இல்லீங்குது. மூணுக்கு ஒண்ணுங்க. நானா இருந்தா அந்த எடத்துல கல்லு நட மாட்டனுங்க."

"ஐயா, இது ஓட்டு எண்ணிக்கை இல்லை" என்றார் டாக்டர். "எக்ஸ்ரே இதயம் எவ்வளவு பெரிசுன்னு காட்டும். எக்கோ பம்பு நல்லா ஓடுதான்னு காட்டும். ஈசிஜி நீங்க படுத்திருந்தப்ப எப்படி இருந்தீங்கன்னு சொல்லும். நீங்க என்ன, படுத்துக்கிட்டா தண்ணி பார்க்கறீங்க? நடந்தப்பதான் வலிச்சது. பம்புக்கு வர்ற குழாய்ல அடைப்பு எங்கே, எவ்வளவுன்னு தெரியணும்னா ஆஞ்சியோதான். தள்ளிப் போட்டா ஒருநாள் காட்டுலயே விழுந்துடுவீங்க."

பம்பு, குழாய், அடைப்பு எல்லாம் அவருக்கு நன்றாகப் புரிந்தவைதான். பவ்யமாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், "டாக்டரு சின்ன வயசு, இல்லீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

அப்புறம் எட்டு மாதம். மேலே வைத்துப் பார்க்கிற பரிசோதனை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் போனார். எக்கோ மட்டும் மூன்று முறை எடுத்தார். அதுதான் அவருக்குப் பிடித்த பதிலைச் சொன்னது. டீக்கடையில் யாராவது நெஞ்சைத் தடவினால் போதும், "உனக்கு எக்கோ போதும் சாமி, ஓடற பட்டைமேல மட்டும் ஏறிராதே" என்று வைத்தியம் சொன்னார். பரமத்தி வேலூர் வெற்றிலையை மென்றபடி அவர் சொல்வதைக் கேட்டு இரண்டு பேர் கோயமுத்தூர் பஸ் ஏறியதாகக் கூடக் கேள்வி.

இதற்கிடையில் மூன்று நடை இரண்டானது, இரண்டு ஒன்றானது. நடுக்காட்டில் தேங்காயை ஏந்தியபடி அசையாமல் நிற்பார், கண்ணை மூடிக்கொள்வார். மூச்சு வாங்குகிறது என்பது பாவாயிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பாவாயி அவர் மனைவி. மற்றவர்கள் அதைத் தியானம் என்று எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பேரும் புகழும் கூடின. எனக்குப் பயமாக இருந்தது. அவர் இல்லாத தெருவை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

தை மாதம் நாச்சிமுத்து மறுபடி வந்தார். அப்போது நானும் அர்த்தநாரி வீட்டில் இருந்தேன். தம்பி காட்டுக்கும் ஒரு பாயிண்ட் வேண்டுமாம். "இந்தத் தடவ நிச்சயமாத் தண்ணி இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க" என்று கெஞ்சினார்.

"மேல நின்னு எத்தன பாத்தாலும், போட்டுப் பாத்தாத்தானுங்க..."

பாவாயி காப்பி டம்ளரை டக்கென்று வைத்தார். "அதை இன்னொருக்காச் சொல்லுங்க."

"எதை?"

"போட்டுப் பாத்தாத்தான் தெரியும்னு. அதையேதான டாக்டரும் சொன்னாரு? ஊரான் காட்டுக்கு ஒரு ஞாயம், உங்க நெஞ்சுக்கு ஒரு ஞாயமா? மெட்ராசுக்குப் போவோணும். இல்லீன்னா இந்த ஊட்டுல இனி ஒரு தேங்கா உரிச்சுத் தரமாட்டேன்."

நாச்சிமுத்து எழுந்து செருப்பைத் தேடினார். அர்த்தநாரி பழக்க தோஷத்தில் மஞ்சள் பையிலிருந்து எக்ஸ்ரேயை உருவினார். ஜன்னல் பக்கம் தூக்கப் போனவர், பார்க்காமலே மடியில் வைத்துக்கொண்டார்.

"பயமா இருக்குதுங்க வாத்தியாரே" என்றார். "போடாத வரைக்கும் தண்ணி இருக்குதுன்னே நெனச்சுக்கலாமுங்க."

இருபது வருஷமாக ஊரில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த தொழில் ரகசியம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. நானும் கூட மெட்ராசுக்கு வருவதாகச் சொன்னேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். மறுநாள் காலை வார்டில் ஒரு டாக்டர் வந்து, அவருடைய வலது தொடை இடுக்கில் நாடியைத் தொட்டுப் பார்த்து, பால்பாயிண்ட் பேனாவால் சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

"இதானுங்களா பாயிண்ட்டு?" என்றார் அர்த்தநாரி. "எத்தன அடிக்குங்க போவும்?"

"மூணு அடி இருந்தா அதிகம்" என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டே.

"அவ்வளவுதானுங்களா!" இருநூறுக்குக் குறைந்து பழக்கமில்லாதவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

டாக்டர் நகர்ந்தார். தள்ளுவண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அர்த்தநாரி பாவாயியைப் பார்த்தார். பாவாயி ஒன்றும் கேட்காமல் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். அர்த்தநாரி மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, போர்வையை விலக்கி, அந்தப் பேனா வட்டத்தின் நடுவில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார்.