கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு இருட்டுப் பெட்டி

2009 ஜனவரி. கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். மூன்றாவது முறையாகச் செருப்புப் பெட்டியோடு கிளம்பினேன். உள்ளே பச்சைப்பயறு நாற்று, எங்கள் வீட்டு பீரோவுக்குள் ஆறு நாள் இருட்டில் முளைத்தது. சிதம்பரத்தில் விடுதியில் தங்கி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிற என் மனைவி ஸ்டெல்லாவின் ஆய்வகத்து இருட்டறைக்குள் வெளிச்சம் கசிவதால் இந்தக் கூத்து.

இருட்டில் வளர்ந்த இலை குட்டியாக, மஞ்சளாகவே கிடக்கும். வெளிச்சம் பட்டதும் இலையை விரிக்கிற, பச்சையாக்குகிற ஜீன்கள் விழித்துக்கொள்ளும். அதைத்தான் அளக்கிறாள். ஆனால் இரண்டு முறையும், வெளிச்சமே காட்டாத நாற்றிலும் ஜீன் விழித்திருந்தது. "இந்தத் தடவையும் சொதப்பினா தலைப்பை மாத்திடும்மா" என்று சொல்லிவிட்டார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி.

காலை 6.40 பஸ், டிக்கெட் பதினைந்து ரூபாய். கூட்டம் ஜாஸ்தி. நின்றுகொண்டு வருகிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுப்பது நம்ம ஊர் வழக்கம்தானே! எப்போதும் போல, தினமும் அதே பஸ்ஸில் வருகிற பூக்கார அக்காவிடம் பெட்டியைக் கொடுத்தேன். வழக்கமாகப் பின்னால் போய்விடுவேன், அன்று நகர முடியவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் அக்கா கூடையில் தண்ணீர் தெளித்தார். அப்படியே என் பெட்டியையும் திறந்து, நாற்றுக்கும் தெளித்தார்.

"அய்யய்யோ அக்கா! என்னா பண்றீங்க?"

"ஏன் தம்பி பதறுற? போன ரெண்டு வாட்டியும் நான்தான் தெளிச்சேன். மூச்சு முட்டி சோகையா கெடக்குதுங்க, பாவம். செத்த நேரம் வெளிச்சம் படட்டுமே."

போன இரண்டு முறையுமா!

எட்டேகாலுக்கு ஆய்வகம். நாற்று இன்னும் மஞ்சள்தான், சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்றுகூட ஒரு நினைப்பு. ஸ்டெல்லா கையுறை மாட்டுவதைப் பார்த்ததும் பஸ்ஸில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன்.

"ஒரு நிமிஷந்தான் தொறந்திருந்துது..."

"ஒரு நிமிஷமே போதுங்க. நெறம் மாற மணிக்கணக்காகும், உள்ள ஜீன் முழிச்சிருக்கும்." அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "முன்னாடி ரெண்டு வாட்டியுமா தொறந்தாங்க?"

"ஆமா."

திட்டுவாள் என்று நின்றேன். அவளோ விசும்பி விசும்பி அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வழிகாட்டியிடம் ஓடினாள். இன்னொரு முறை செய்யச் சம்மதித்துவிட்டார்.

இந்த வழியில் நாற்று கொண்டுபோகிறவர்களுக்கு: ஏழு மணிக்குமேல் உட்கார இடம் கிடைக்கும். பெட்டியை யாரிடம் கொடுத்தாலும் "திறக்காதீங்க, வெளிச்சம் ஆகாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் அதைச் சொல்லாததால் ஒருத்தி ஆறு மாதம் தன் கையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.